பதினேழுக்கு ஐந்து மிச்சம்

வெள்ளம் வடிந்த மறுவருஷம் மாசி மாதத்திலிருந்து சேந்தன்கால் கொடிக்கால் ஒவ்வொரு பறிப்புக்கும் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது வெற்றிலை கொடுத்தது. மழை கொட்டிய மாதமும் அதுதான், வாய்க்கால் வறண்ட மாதமும் அதுதான், கொடியில் நோய் விழுந்து பாதி இலையைக் கழித்து எறிந்த சித்திரையிலும் மிச்சத்தை எண்ணிப் பார்த்தபோது அதேதான் இருந்தது. இதைக் கண்டுபிடித்தவள் முப்புடாதி. கண்டுபிடித்ததற்காக முதலில் சந்தேகப்பட்டதும் அவளைத்தான்.

ஆற்றங்கரையில் பதினாறு வீட்டுக்காரர்கள் கூட்டாக நடத்தி வந்த கொடிக்கால் அது. அகத்தியை வரிசையாக வளர்த்து, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டி, வெயில் நேராக விழாமல் எப்போதும் ஈரமும் நிழலுமாக வைத்திருப்பார்கள். இருபத்தைந்து நாளைக்கு ஒரு தடவை பறிப்பு. பறித்த இலையைப் பம்புசெட்டு அறைக்கு முன்னால் ஈரச் சாக்கு விரித்துக் குவித்தால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து நாற்பது பெண்கள் வந்து ஒன்றரை நாள் உட்கார்ந்து எண்ணுவார்கள். நூறு இலை ஒரு கவுளி. வாழைநாரால் கட்டி அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த நாற்பது பேருக்கும் தலை முப்புடாதி. இருபத்து மூன்று வருஷமாக எண்ணுகிறவள், ஐந்தைந்து இலையாகக் கட்டைவிரலால் தள்ளுகிறபோது பக்கத்தில் இடி விழுந்தாலும் எண்ணிக்கை தவறாதவள், நாற்பது பேர் கட்டின கவுளியையும் மனசுக்குள்ளேயே கூட்டி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவள்.

கொடிக்காலுக்கு மூத்த பங்காளி சங்கிலிபூதத்தான். மூன்றாவது தடவையாக அந்த எண்ணைக் கேட்டபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டி முப்புடாதி, போன பறிப்புல சொன்னதையே திருப்பிச் சொல்லுதியா?"

"வந்ததச் சொல்லுதேன் மொதலாளி. போன பறிப்புலயும் இதான் வந்துச்சு. அதுக்கு முந்துன பறிப்புலயும் இதான்."

"அது எப்படி வரும்?"

"அது எனக்குத் தெரியாது. என் வெரலு பொய் சொல்லுதோன்னு நானே ரெண்டு நாளா ஒறங்கல."

அவர் நம்பவில்லை. அடுத்த பறிப்புக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆறு ஆண்களைக் கூட்டிவந்து எண்ண வைத்தார்கள். மூன்று நாள் எண்ணி, இலையின் ஓரமெல்லாம் கறுத்துப்போன பிறகு அவர்கள் சொன்ன எண்ணும் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபதுதான். அதற்கடுத்த பறிப்பில் சங்கிலிபூதத்தான் யாருக்கும் தெரியாமல் சந்தையில் வாங்கிய பத்து இலையைக் குவியலுக்குள் செருகினார், எண் மாறவில்லை. அதே பறிப்பில் குத்தாலம் என்ற பங்காளி இருநூறு இலையைத் துண்டுக்குள் சுருட்டித் தன் சைக்கிள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தான், அதற்கும் மாறவில்லை. பத்து வந்து சேர்ந்ததையும் இருநூறு குறைந்ததையும் கொடிக்கால் எங்கேயோ வாங்கிக்கொண்டு எங்கேயோ நிரப்பிவிட்டது. செய்த இரண்டு பேருமே அதை வெளியே சொல்ல முடியாதவர்களாக இருந்ததால், தான் வைத்த பத்தை எவனோ திருடிவிட்டான் என்று அவரும், தான் எடுத்த இருநூறைத் தெரிந்து எவனோ திரும்பக் கொண்டுவந்து வைத்து வேவு பார்க்கிறான் என்று இவனும் ஆளுக்கொரு மூலையில் நின்று மற்ற பதினான்கு பேரின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டவுனில் கணக்குப் பாடம் நடத்துகிற ஒரு கல்லூரி வாத்தியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் இலையைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் கேட்டு வாங்கி, அகத்தி நிழலில் உட்கார்ந்து காகிதத்தில் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது நல்ல எண். ரெண்டாப் பிரிச்சாலும் மிச்சமில்ல, மூணாப் பிரிச்சாலும் மிச்சமில்ல. இப்படியே பதினாறு வரைக்கும் எந்த எண்ணால வகுத்தாலும் ஒண்ணு கூட மிஞ்சாது. ஏழால வகுபடுறது சில எண்ணுக்கு வராது, பதினொண்ணால, பதிமூணால எல்லாம் சுலபத்துல வராது. இதுக்கு எல்லாமே வருது. இப்படி இருக்கிற எண்கள்ல இதுதான் ரொம்பச் சின்னது."

"ஏழு லட்சத்துக்கு மேல இருக்கு, இதுவா சின்னது?" என்றான் குத்தாலம்.

"இந்தக் குணம் உள்ளதுல இதுதான் சின்னது. அடுத்தது இதுல ரெண்டு மடங்கு. பதினாலு லட்சத்து நாப்பத்தோராயிரத்து நானூத்து நாப்பது."

வாத்தியார் சந்தோஷமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் போன பிறகு பங்காளிகள் அதையே திருப்பித் திருப்பிப் பேசினார்கள். இரண்டு மடங்கு கொடுக்க முடிந்த கொடிக்கால் ஏன் இருப்பதிலேயே சின்ன எண்ணைக் கொடுக்கிறது, நாம் அடித்துக்கொள்ளாமல் இருக்க எவ்வளவு போதுமோ அவ்வளவை மட்டும் அளந்து போடுகிறதா என்று அன்றைக்கு அவர்களுக்குக் கொடிக்கால் மேலேயே சந்தேகம் வந்தது. அவர்கள் பதினாறு பேராக இருந்ததால் பதினாறுக்கு மேலே என்ன என்று யாரும் வாத்தியாரைக் கேட்கவில்லை.

ஆளுக்கு நாற்பத்தையாயிரத்து நாற்பத்தைந்து இலை வந்தது, அதாவது நானூற்றைம்பது கவுளியும் கையில் நாற்பத்தைந்து இலையும். ஒரு மாதமும் பிசகாமல் அப்படியே வந்ததால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகியது. எப்படியும் வருவது இதுதானே, எதற்கு எண்ண வேண்டும் என்று ஒரு தடவை எண்ணாமலே கண்மதிப்பில் பதினாறு கூறு போட்டுப் பார்த்தார்கள். உன் கூறு பெருத்திருக்கிறது, என் கூறு சிறுத்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பவும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்பினார்கள். அவர்களுக்குள் சந்தேகம் இருக்கும் வரைக்கும் தனக்கு வேலை இருக்கும் என்று முப்புடாதி அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடக்கிற புருஷனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, ஈர முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்து எண்ண உட்கார்ந்தாள்.

இரண்டாம் வருஷம் ஒரு பங்காளி மகனோடு இருக்கப் போகிறேன் என்று திருப்பூருக்குப் போனார். பதினைந்து பேராகப் பிரித்தார்கள், ஆளுக்கு நானூற்றெண்பது கவுளியும் நாற்பத்தெட்டு இலையும் வந்தது, ஒன்று மிஞ்சவில்லை. அடுத்து ஒருவர் மாரடைப்பில் செத்து அவர் பிள்ளைகள் வழக்கில் இறங்கியபோது பதினான்கு. ஆளுக்கு ஐந்நூற்றுப் பதினான்கு கவுளியும் எண்பது இலையும், அப்போதும் ஒன்று மிஞ்சவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் பயம்தான் வந்தது. யார் போனாலும் இந்த எண்ணுக்குக் கவலை இல்லை, போனவன் இடத்தை அது அன்றைக்கே தூர்த்து மட்டப்படுத்திவிடுகிறது, இருக்கிறவன் பங்கு கொஞ்சம் பெருக்கிறது. அடுத்து யார் என்று ஒவ்வொருவரும் மற்றவன் முகத்தைப் பார்த்தார்கள். பம்புசெட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கக் குனிந்தால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள். திருப்பூருக்குப் போனவர் ஊர் நினைப்பு தாங்காமல் திரும்பி வந்தபோதும், செத்தவர் வீட்டு வழக்கு முடிந்து மூத்த மகன் வந்து சேர்ந்தபோதும் வாருங்கள் என்று யாரும் வாய்நிறையச் சொல்லவில்லை. எண் மட்டும் அவர்களையும் பேசாமல் சேர்த்துக்கொண்டது.

மூன்றாம் வருஷம் ஆறு கரையை அரித்துப் பழைய வாய்க்காலின் தலைமடையைத் தின்றுவிட்டது. புதிதாகத் தண்ணீர் கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது, தங்கபுஷ்பத்தின் நிலம். தங்கபுஷ்பம் அக்கரை ஊர்க்காரி. புருஷனோடு ஒத்துப்போகாமல் தாய் வழியில் வந்த நிலத்தை நம்பி வந்து தனியாக இருந்தவள். துண்டு நிலம்தான், ஆனால் ஆற்றுக்கும் கொடிக்காலுக்கும் நடுவில் கிடந்தது. பங்காளிகள் குத்தகைக்குக் கேட்டார்கள், அவள் மறுத்துவிட்டாள்.

"குத்தகை வேண்டாம் அண்ணாச்சி. வாய்க்காலுக்கு எடம் போக மிச்சத்துல கொடி போட்டுக்கோங்க. என்னையும் ஒரு பங்காளியாச் சேத்துக்கோங்க."

தண்ணீர் இல்லாமல் கொடி வாடிக்கொண்டிருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பறிப்பில் முப்புடாதி வழக்கம்போல எண்ணிச் சொன்னாள். ஆளுக்கு நானூற்று இருபத்து மூன்று கவுளியும் தொண்ணூற்றைந்து இலையுமாகப் பதினேழு கூறு போட்டார்கள். கூறு போட்டு முடிந்த பிறகு சாக்கின் மேல் ஐந்து இலை கிடந்தது.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மிஞ்சிய இலை. யாரும் அதைத் தொடவில்லை. சங்கிலிபூதத்தான் எடுத்துப் பம்புசெட்டுச் சுவர் மேல் வைத்தார், மத்தியானத்துக்குள் ஓர் ஆடு அதைத் தின்றுவிட்டது. அடுத்த பறிப்பிலும் ஐந்து. ஆடு சங்கிலிபூதத்தான் வீட்டு ஆடு என்று குத்தாலம் கண்டுபிடித்திருந்ததால் இந்தத் தடவை ஊர்க்கோயிலுக்குக் கொடுத்தார்கள். கோயிலில் பூசை வைப்பவர் குத்தாலத்தின் மைத்துனர் என்பதை மற்றவர்கள் ஞாபகப்படுத்தியதால் மூன்றாவது தடவை ஐந்து இலையையும் ஆற்றில் விட்டார்கள். அது மிதந்து போகிற திசையில் யாருடைய படித்துறை இருக்கிறது என்று பார்ப்பதற்கு நான்கு பேர் கரையோரமாகவே நடந்து போனார்கள். நான்காவது தடவை அந்த ஐந்து இலைக்காகத் திருப்பூரிலிருந்து வந்தவருக்கும் குத்தாலத்துக்கும் வாய்ச்சண்டை முற்றி, மண்வெட்டிக் காம்பால் அடிபட்டு அவருக்கு மண்டையில் ஏழு தையல் போட்டார்கள். சந்தையில் அந்த ஐந்து இலையை இனாமாகக் கேட்டாலே கடைக்காரன் எடுத்துக் கொடுத்துவிடுவான்.

அதற்குப் பிறகுதான் எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு அலுத்துப் போயிருந்த பதினாறு பேருக்கும், சேர்ந்து சந்தேகப்பட ஒருத்தி கிடைத்தாள்.

"எண்ணு ஒன்னச் சேக்க மாட்டேங்குது, அத நாங்க என்ன செய்ய?" என்றார் சங்கிலிபூதத்தான் கூட்டத்தில். "நீ நெலத்த வெலைக்குக் குடுத்துட்டு ஒதுங்கிக்கோ தாயி. எல்லாருக்கும் நல்லது."

"நான் வரதுக்கு முந்தி உங்களுக்குத் தண்ணி இல்ல," என்றாள் தங்கபுஷ்பம். "தண்ணிக்கு நான் வேணும், கூறுக்கு நான் வேண்டாமா? அஞ்சு எல மிஞ்சுதுன்னா அத அப்படியே கெடக்க விடுங்க. காஞ்சு போவுது."

"மிஞ்சுனா சண்ட வருதுல்லா."

"சண்ட போடுதது எலயா?"

அவள் ஒதுங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தபோது அவள் நிலத்தில் ஏறியிருந்த முப்பது கொடி அடியில் அறுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும் போலவும் இருந்தது, யாருக்கும் தெரியாது போலவும் இருந்தது. அந்தப் பறிப்பில் இலை குறையும், குறைந்தால் விசாரணை வரும் என்று செய்தவன் பயந்திருக்க வேண்டும். முப்புடாதி எண்ணி முடித்துத் தலையை நிமிர்த்தி, ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது என்றாள். அறுபட்ட முப்பது கொடியின் இலையையும் மற்ற கொடிகள் சேர்த்துக் கொடுத்திருந்தன. கூட்டத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டது அவள் காதில் விழுந்தது.

அன்றைக்கு மத்தியானம் மற்ற பெண்கள் சாப்பிடப் போன பிறகும் முப்புடாதி எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. எண் மேல் வந்த கோபம் அது. தன் வாயால் சொல்லப்பட்ட ஒன்று, அறுத்தவனுக்குச் சாதகமாகப் போய்விட்டதே என்று இருந்தது. இந்த எண் உண்மையிலேயே என்னதான் செய்யும், எதைத்தான் செய்யாது என்று பார்த்துவிட நினைத்தாள். கட்டி அடுக்கின கவுளிகளை ஒன்பது கூறாகப் பிரித்துப் பார்த்தாள், சரியாக வந்தது, எண்ணூறு கவுளியும் எண்பது இலையும். ஒரு கூறை இரண்டாக உடைத்தாள், நானூறு கவுளியும் நாற்பது இலையும். ஒரு கூறு உடைந்தால் ஒன்பதும் உடையும். ஒன்பதும் உடைந்தால் பதினெட்டு. எந்தக் கூறை எப்படி உடைத்தாலும் பதினேழு மட்டும் வரமாட்டேன் என்று நின்றது, அது தன்னைத் தவிர வேறு எதற்கும் மசியாத எண். ஆனால் அதைத் தாண்டிப் பதினெட்டு லேசாக வந்தது.

இலையைப் பழையபடி அடுக்கிவைத்துவிட்டு அவள் வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, அறுபட்ட கொடிகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்திடம் போனாள்.

"ஒங்களப் போகச் சொல்லுதாங்க. போக வேண்டாம். இன்னும் ஒரு ஆளு வந்தா மிச்சமே விழாது."

தங்கபுஷ்பம் கத்தியைக் கீழே வைத்தாள். "நெசமாவா? எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் அங்க சொல்லாம எங்கிட்ட வந்து சொல்லுத?"

"அந்த ஒரு ஆளு யாருன்னு கேப்பாங்க. நான் எனக்காக எண்ண வளைச்சேன்னு சொல்லுவாங்க."

"ஒனக்கு ஆச இல்லையா?"

முப்புடாதி அறுபட்டுக் கிடந்த ஒரு கொடியை எடுத்துக் கட்டோடு சேர்த்தாள். "இருக்கு," என்றாள். "இருபத்தாறு வருசமா அடுத்தவங்க கூற எண்ணுதேன். அரை மணி நேரத்துக்கு முன்னால வரைக்கும் ஆச இல்ல. இப்ப இருக்கு."

தங்கபுஷ்பம் அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள், இவளை யாராவது அனுப்பியிருப்பார்களோ என்று. இந்த அம்மாள் தப்பித்துக்கொள்ளத் தன்னை முன்னால் தள்ளிவிடுவாளோ என்று முப்புடாதியும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முழுசாக நம்பாமலேயே அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்து போனார்கள்.

பதினெட்டுக்கு மிச்சம் விழாது என்று தங்கபுஷ்பம்தான் சொன்னாள். உடனே போட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. முகத்திலெல்லாம் வெளிச்சம் வந்தது, அடுத்த நிமிஷமே போய்விட்டது.

"பதினெட்டாவது யாரு?" என்றார் சங்கிலிபூதத்தான்.

"முப்புடாதி. நான் ஒரு துண்டு நெலத்தக் குடுத்துப் பங்கு வாங்குனேன் அண்ணாச்சி. அவ இருபத்தாறு வருசத்தக் குடுத்திருக்கா."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி கொடிக்காலுக்குப் பங்காளியாக வந்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. குத்தாலம்தான் முதலில் பேசினான்.

"அதான பாத்தேன். எண்ணுதது யாரு? இவ. எண்ணிக்கையச் சொல்லுதது யாரு? இவ. மொத நாள்ல இருந்து இவ இதுக்குத்தான் கணக்குக் கட்டிருக்கா."

"அப்படின்னா நீங்களே எண்ணுங்க மொதலாளி," என்றாள் முப்புடாதி.

பதினெட்டாவது பங்கைச் சாமிக்கு விடலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. சாமி கூட்டத்துக்கு வராது, கேள்வி கேட்காது. மிச்சமும் விழாது, யாரையும் சேர்க்கவும் வேண்டாம். அப்படியே முடிவு செய்து எழுந்தார்கள். அடுத்த பறிப்பன்று இலை குவிந்து கிடந்தது, சாக்கு விரித்திருந்தது, எண்ணத்தான் ஆள் வரவில்லை. முப்புடாதி வீட்டில் புருஷனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் தடுக்கவில்லை, அவள் போகவில்லை என்பதால் மற்ற முப்பத்தொன்பது பேரும் போகவில்லை.

பங்காளிகளே எண்ண உட்கார்ந்தார்கள். தன் இலையை எண்ணிக்கொண்டே பக்கத்தில் இருப்பவன் கையையும் கண்காணித்ததால் ஒவ்வொருவருக்கும் பாதியில் தவறியது, முதலில் இருந்து ஆரம்பித்தார்கள், மறுபடியும் தவறியது. இரண்டு நாள் கழித்துப் பதினேழு பேரும் பதினேழு எண் சொன்னார்கள். தங்கபுஷ்பமும் ஓர் எண் சொன்னாள், அதுவும் தப்பு. பாலத்தடியில் வியாபாரியின் வேன் காத்து நின்று பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் குவியலின் நடுவில் சூடேறி இலை மஞ்சளாகத் தொடங்கியது, அந்த வாடை ஊர் முழுக்க அடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் சங்கிலிபூதத்தான் தோளில் துண்டோடு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி முப்புடாதி வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே கூப்பிட்டாள், வரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"வந்துரு. ஒனக்கு ஒரு பங்கு. ஆனா குத்தாலம் ஒண்ணு சொல்லுதான், அது நாயந்தான். பங்காளி எண்ணக்கூடாது. எண்ணுததுக்கு வேற ஆள விடு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் விரல்களை மடக்கி விரித்தாள். பிறகு சரி என்றாள்.

அவள் இடத்தில் சுடலி வந்தாள். சுடலி அவளுக்குத் தம்பி பெண்டாட்டி, முப்பது வயசு, கெட்டிக்காரி, அவளுக்குப் பக்கத்திலேயே ஒன்பது வருஷம் உட்கார்ந்து எண்ணியவள். சுடலி எண்ணிச் சொன்னதும் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபதுதான். பதினெட்டு கூறு, ஆளுக்கு நானூறு கவுளியும் நாற்பது இலையும். முப்புடாதியின் கூறை வேனில் ஏற்றியபோது அவள் புருஷன் திண்டாடி எழுந்து வாசல் வரைக்கும் வந்து பார்த்தான். பங்காளிகள் அவளோடு அளவாகப் பேசினார்கள். கூட்டத்தில் அவளுக்கு ஓரத்தில் ஓர் இடம் தானாக ஏற்பட்டது. தங்கபுஷ்பம் எழுந்துவந்து அந்த ஓரத்திலேயே அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். ஆறு மாதம் மண்டை உடையாமல் போனது. ஊருக்கு அதுவே பெரிதாக இருந்தது.

ஏழாவது பறிப்பில் எண்ணி முடித்த அன்று உச்சிவெயில் நேரத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, சுடலி முப்புடாதியை அகத்தி நிழலுக்குக் கூப்பிட்டாள்.

"மயினி, பத்தொம்போதுக்குப் போட்டுப் பாத்தேன். பன்னெண்டு எல மிஞ்சுது. இருபதுக்குச் சரியா வருது."

முப்புடாதிக்குப் புரிய நேரம் ஆகவில்லை. பத்துக் கூறு, ஒவ்வொன்றும் இரண்டாக உடைந்தால் இருபது. "ரெண்டு பங்கு யாருக்கு?"

"எண்ணுத முப்பத்தொம்போது பேருக்கும் சேத்து ரெண்டு பங்கு. நீங்க வந்த வழியிலதான் கேக்கோம்."

கேட்டு முடிப்பதற்குள் முப்புடாதியின் மனசு கழித்துவிட்டிருந்தது. தன் பங்கில் நாற்பது கவுளியும் நான்கு இலையும் போகும். அது போகட்டும் என்று நினைப்பதற்கு முன்னால் வேறொன்று வந்தது.

"எத்தன நாளா இதப் பாத்துக்கிட்டிருக்க?"

"நீங்க எந்திரிச்சுப் போன அன்னையில இருந்து," என்றாள் சுடலி. ஒளிக்கவில்லை.

"என் கண்ணு முன்னால போடு."

சுடலி போட்டாள். கவுளிகளை இருபது கூறாகச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டே போனாள். முப்புடாதி ஒரு கவுளியைக்கூடத் தவறவிடாமல் அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது, முந்தானை ஏன் இவ்வளவு நெருக்கமாகக் கிடக்கிறது, அந்தக் கட்டு தொண்ணூற்றொன்பதாக இருந்தால் என்ன என்று பார்த்தாள். நடுவில் இரண்டு கவுளியை எடுத்து அவிழ்த்து எண்ணினாள், நூறு, நூறு. கடைசி இலையும் இருபதாவது கூறில் போய் உட்கார்ந்த பிறகு அவள் குனிந்து சாக்கின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஈரமண் இருந்தது, வேறொன்றும் இல்லை. நிமிர்ந்தபோது சுடலி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. அந்தப் பார்வையில் முப்புடாதிக்கு முகம் காந்தியது.

அவள் சாக்கை விட்டுவிட்டு எழுந்து நடந்தாள். அகத்தி வரிசைகளைத் தாண்டி, வழியில் கூப்பிட்ட தங்கபுஷ்பத்துக்குப் பதில் சொல்லாமல், புது வாய்க்கால் மடையில் கால் கழுவிக்கொண்டிருந்த சங்கிலிபூதத்தானிடம் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"இருபது கூறு போட்டிருக்கு. மிச்சமில்ல. எண்ணுத பொம்பளையளுக்கு ரெண்டு பங்கு கேக்காங்க. வந்து பாருங்க."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார், இதில் இவளுக்கு என்ன இருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி.

"ஒன் பங்கும் கொறையுமே முப்புடாதி."

"கொறையும். நாப்பது கவுளி நாலு எல."

"பெறகு ஏன் நீ வந்து சொல்லுத?"

"கொறைஞ்சா கொறையட்டும்னு நெனைக்க எனக்கும் மனசு வரல," என்றாள் முப்புடாதி. "அதான் சீக்கிரமா வந்தேன்."

அவர் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு கரையேறினார்.